கூடத்து விசைப்பலகை: பொருத்துவதும் நம்புவதும்

தொலைக்காட்சியில் ஒரு படத்தின் பெயரைத் தேடுவதற்காக ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தானை இடமும் வலமுமாக அழுத்தி, திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியவர்களுக்குக் கம்பியில்லா மீடியா விசைப்பலகை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. வழக்கமான எழுத்து விசைகளோடு, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், பாடலை நிறுத்தவும் தொடரவும், முகப்புத் திரைக்குத் திரும்பவும் தனி விசைகள் இதில் இருக்கும். பெரும்பாலும் மவுஸின் வேலையைச் செய்யும் தொடுபலகை ஒன்றும் வலப்பக்கத்தில் இருக்கும். லாஜிடெக் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கே400 பிளஸ் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. இரண்டு ஏஏ செல்களில் இயங்கி, சுமார் 10 மீட்டர் தொலைவுவரை எட்டி, மடியில் வைத்துத் தட்டுவதற்கென்றே அமைக்கப்பட்ட பலகை அது. பெயரில் மீடியா என்று இருப்பதால் இதை ஒரு பொழுதுபோக்குக் கருவியாகவே எண்ணிவிடுகிறோம். ஆனால் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும், மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும், சந்தா கட்டும்போது வங்கி அட்டையின் எண்ணும் இதன் வழியாகத்தான் காற்றில் போகின்றன. ஆகவே இதை வாங்கும்போதும் பொருத்தும்போதும், வாசற்கதவுக்குப் பூட்டு வாங்கிப் பொருத்துகிறவரின் கவனம் நமக்கு வேண்டும் என்பது என் கருத்து.

விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை, எண்களைத்தான் அனுப்புகிறது. யூஎஸ்பியும் புளூடூத்தும் பின்பற்றும் பொதுத் தரத்தின்படி ஆங்கில 'ஏ' விசையின் எண் 4, 'பி' விசையின் எண் 5. மீடியா விசைகளுக்கு வேறோர் அட்டவணை உண்டு. நிறுத்தவும் தொடரவும் பயன்படும் விசைக்கு அதில் 205, ஒலியைக் கூட்ட 233, குறைக்க 234 என்று எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தொலைக்காட்சி, கைப்பேசி, மடிக்கணினி ஆகிய எல்லாமே இந்த அட்டவணையை அறிந்திருப்பதால்தான், எந்த மென்பொருளையும் நிறுவாமலேயே ஒலி விசைகள் வேலை செய்கின்றன. தயாரிப்பாளர் தம் சொந்தச் செயலிக்காகச் சேர்த்திருக்கும் சிறப்பு விசைகள் தொலைக்காட்சியில் அசையாமல் கிடப்பதற்கும் இதுவே காரணம். அதைப் பழுதென்று கருதிப் பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

எந்த எண்ணுக்கு எந்த எழுத்தைக் காட்டுவது என்பதை இயங்குதளம்தான் முடிவு செய்கிறது என்பதால், தமிழில் தட்டச்சு செய்ய விரும்புகிறவர் தமிழ் எழுத்து அச்சிட்ட பலகையைத் தேடி அலைய வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 என்னும் விசை அமைப்பை, விண்டோஸ் 10 இயங்குதளத்தின் மொழி அமைப்புகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். உச்சரிப்பு முறையில் தட்டச்சுவதற்கும் அங்கேயே வழியுண்டு. தொலைக்காட்சிப் பெட்டிகளின் நிலை வேறு. இணைத்த விசைப்பலகைக்குத் தமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல பெட்டிகளில் இல்லை. அங்கே ஒரு பாடலைத் தமிழில் தேட வேண்டுமானால் குரல்வழித் தேடலே இன்னும் எளிதாக இருக்கிறது. தமிழர் வீட்டுக் கூடத்தில் தமிழில் தட்டச்ச முடியாமல் இருப்பது வருத்தத்துக்குரிய குறை.

மேற்சொன்ன ஏற்பாட்டுக்குள் பாதுகாப்பின் மையச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஓர் எண் வந்து சேர்ந்தால் கணினி அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது; விசையை அழுத்திய கை யாருடையது என்று அது கேட்பதில்லை, கேட்கவும் வழியில்லை. ஏனென்றால் 'இதைச் செய்யலாமா' என்று கணினி கேட்கும் கேள்விக்கே பதில் விசைப்பலகையிலிருந்துதான் வருகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைச் சந்தேகிக்கும். ஆனால் பயனரே தட்டியதாகத் தோன்றும் கட்டளையைப் பெரும்பாலும் சந்தேகிக்காது. கம்பியுள்ள பலகையில் இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது: கம்பியின் மறுமுனையில் இருப்பது எதுவென்று கண்ணால் பார்க்கலாம். கம்பி போன பிறகு, பலகைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வானொலி இணைப்பு எவ்வளவு உறுதியானதோ அவ்வளவுதான் நமக்குப் பாதுகாப்பு.

அந்த இணைப்பு இன்று இரண்டு வகைகளில் கிடைக்கிறது. டாங்கிள் என்னும் நகத்தளவு அலைவாங்கி ஒன்றை யூஎஸ்பி துளையில் செருகி, தயாரிப்பாளரின் சொந்த மொழியில் பேசவிடுவது ஒன்று. பெட்டியிலேயே இருக்கும் புளூடூத்தைப் பயன்படுத்துவது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பட்டையை, குறைந்த திறனுள்ள கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் அனுமதி வழங்கப்பட்டது. உரிமம் வேண்டாத இடம் என்பதால் வைஃபையும், புளூடூத் ஒலிபெருக்கிகளும், மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் அலைகளும் அங்கேயே நெருக்கியடிக்கின்றன. புளூடூத் தன் பங்குக்கு இந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1600 முறை வரை தடம் மாறி இந்த நெரிசலைச் சமாளிக்கிறது.

டாங்கிள் வகையைப் பொருத்துவது எளிது. பெரும்பாலான பலகைகளில் டாங்கிள் செல் வைக்கும் அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேடியவர்கள் பலர். அதைச் செருகி, செல்லுக்கும் தொடுமுனைக்கும் இடையே இருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவி, பலகையின் சுவிட்சைப் போட்டால் சில வினாடிகளில் வேலை தொடங்கிவிடும். தொழிற்சாலையிலேயே பலகையும் டாங்கிளும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தப்பட்டே வருகின்றன. இந்த முன்னறிமுகம் பாதுகாப்புக்கும் உதவுவதைப் பின்னால் பார்ப்போம். கணினியின் கண்ணுக்கு டாங்கிள் ஒரு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகைதான். இயங்குதளம் எழும் முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயோஸ் திரையிலும் அது வேலை செய்யும் என்பதால், கணினியையே தொலைக்காட்சியோடு இணைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு டாங்கிள் வசதியானது. புளூடூத் பலகை பெரும்பாலான கணினிகளில் அந்தக் கட்டத்தில் ஊமையாக இருக்கும்.

டாங்கிளை எங்கே செருகுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தட்டிய எழுத்து விழாமல் போவதும், ஒரே எழுத்து வரிசையாக விழுவதும், தொடுபலகையின் அம்பு திக்கித் திக்கி நகர்வதும் கண்டவுடன் பலகையையே குறை சொல்கிறோம். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் புதுச் செல் மாற்றி, பலகையைத் துடைத்து, ஒரு வாரம் வீணாயிற்று. தொலைக்காட்சியின் பின்புறம் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்று செருகப்பட்டிருந்ததே காரணம். யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் விரிவாகக் காட்டியிருக்கிறது. டிஸ்க் ஓடும்போது டாங்கிளின் காதருகே யாரோ உரக்கக் கத்துவது போன்ற நிலை ஏற்படுகிறது. தீர்வு மலிவானது: ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியை வாங்கி, டாங்கிளைத் தொலைக்காட்சியின் முன்புறத்துக்கு, பலகையை நேராகப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தொலைக்காட்சியின் உலோகப் பின்புறமும், இரும்பு அலமாரியும், நடுவே உட்கார்ந்திருக்கும் மனித உடலும்கூட இந்த அலைகளைத் தடுக்கும். அட்டைப்பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது தடையில்லாத திறந்த வெளிக்கான கணக்கு.

புளூடூத் பலகையைப் பொருத்தும்போது டாங்கிளின் இடம் பற்றிய கவலை இல்லை. ஆனால் இணைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கவனம் தேவை. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியில் அமைப்புகளுக்குள் சென்று, ரிமோட்டுகளும் துணைக்கருவிகளும் என்ற பகுதியில் புதிய கருவியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, பலகையின் இணைப்பு விசையை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் பலகையின் பெயர் தோன்றும். அதன் பிறகு திரையில் ஆறு இலக்க எண் ஒன்று காட்டப்பட்டு, அதைப் பலகையில் தட்டி என்டர் விசையை அழுத்தும்படி கேட்கப்பட்டால் நல்லது என்று கொள்ளுங்கள். தகவலைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் ரகசிய எண்ணான சாவியை இரு கருவிகளும் பரிமாறிக்கொள்ளும்போது நடுவே வேறொருவர் புகுந்து இரு பக்கமும் நடிப்பதைத் தடுப்பதற்காகவே அந்த எண் இருக்கிறது. எதையும் கேட்காமல் சட்டென்று இணைந்துவிடும் பலகை பயன்படுத்த இதமாக இருக்கலாம். அந்தக் காப்பு அதில் இல்லை. நாம் எதையும் இணைக்க முயலாத நேரத்தில், ஏதோ ஒரு விசைப்பலகை இணைய விரும்புவதாகத் திரையில் கேள்வி வந்தால், அதை ஒருபோதும் ஏற்கக்கூடாது. வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

விசைகளைப் பழகிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகளும் மீடியா விசைகளும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். எஃப்என் விசை அவற்றுக்கிடையே மாற்றித் தரும். எது நேரடியாக வேலை செய்ய வேண்டும் என்பதைப் பல பலகைகளில் மாற்றி நிலைநிறுத்தலாம். பல ஆண்ட்ராய்டு பெட்டிகளில் எஸ்கேப் விசை 'பின்செல்' பொத்தானாக வேலை செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால், ரிமோட்டைத் தேடும் வேலை பாதி குறையும்.

இனி, காற்றில் போகும் எண்களை வேறு யார் கேட்க முடியும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்குக் கற்பனை வேண்டாம்; நடந்தவையே போதும். 2015 ஜனவரியில் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர், சுவரில் செருகும் கைப்பேசி சார்ஜர்போலத் தோன்றும் சிறு கருவியொன்றைச் செய்து காட்டினார். அக்கம்பக்கத்தில் இருக்கும் சில மைக்ரோசாஃப்ட் கம்பியில்லா விசைப்பலகைகளில் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் அது பதிவு செய்தது. அந்தப் பலகைகள் தகவலை மறையாக்கம் செய்துதான், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றித்தான் அனுப்பின. ஆனால் பலகை தன்னை அடையாளம் காட்டக் காற்றில் அனுப்பும் முகவரியையே மறையாக்கச் சாவியாகப் பயன்படுத்தின. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போன்ற காப்பு அது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2016 ஏப்ரலில் தனியார் நிறுவனங்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் பாஸ்டில் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் நியூலின் வெளியிட்ட மவுஸ்ஜாக் என்னும் கண்டுபிடிப்பு, சிக்கலை மறுபக்கத்திலிருந்து காட்டியது. பல நிறுவனங்களின் டாங்கிள்கள் விசைப்பலகையின் தகவலை மறையாக்கம் செய்து காத்தன. மவுஸின் அசைவில் ரகசியம் என்ன இருக்கிறது என்று அதைத் திறந்தபடி விட்டன. அந்தத் திறந்த வழியிலேயே விசைகளின் எண்களைப் போலியாக அனுப்பினால், அவற்றையும் சில டாங்கிள்கள் ஏற்றுக்கொண்டன. சுமார் 100 மீட்டர் தொலைவிலிருந்து, 15 டாலர் விலையுள்ள கருவியைக் கொண்டு, அடுத்தவர் கணினியில் கட்டளைகளைத் தட்டிவிட முடிந்தது. கடவுச்சொல்லைக் கேட்க முடியாதவரும் கட்டளையைத் தட்ட முடியும் என்பது அதுவரை பலர் எண்ணிப் பார்க்காதது. தொடுபலகையும் விசைகளும் ஒரே டாங்கிளைப் பகிர்ந்துகொள்ளும் மீடியா விசைப்பலகைக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்துகிறது. அதே ஆண்டு ஜூலையில் அதே நிறுவனம், 8 தயாரிப்பாளர்களின் மலிவு விலைப் பலகைகள் எந்த மறையாக்கமும் இல்லாமலேயே தகவல்களை அனுப்புவதாக அறிவித்தது. அவற்றை ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பின் மூலம் சரிசெய்யவும் வழியில்லை என்பதால், தூக்கி எறிவதைத் தவிர வேறு பரிந்துரை அவர்களிடம் இல்லை.

லாஜிடெக்கின் யூனிஃபையிங் டாங்கிள், 2009 முதல் 128 பிட் ஏஇஎஸ் என்னும் வலுவான மறையாக்க முறையோடு விற்கப்பட்டது. ஒரே டாங்கிளில் 6 கருவிகளை இணைக்கலாம். 2019-இல் மார்கஸ் மெங்ஸ் என்ற ஆய்வாளர், பலகையையும் டாங்கிளையும் புதிதாக இணைக்கும் அந்தக் கணத்தை ஒட்டுக்கேட்டால் சாவியைக் கணக்கிட்டுவிடலாம் என்று நிறுவினார். டாங்கிளைச் சிறிது நேரம் கையில் எடுக்க முடிந்தவர் சாவியை உருவிவிடவும் வழி இருந்தது. இதற்கு அந்த ஆண்டே திருத்தம் வந்தது, முதலாவது குறைக்கு வரவில்லை. முன்பு குறிப்பிட்ட தொழிற்சாலை அறிமுகத்தின் பயன் இங்கே விளங்கும்: அங்கேயே இணைக்கப்பட்டு வந்த பலகையை நாம் மீண்டும் இணைக்காத வரையில், ஒட்டுக்கேட்க அப்படியொரு கணமே இல்லை. அந்நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த போல்ட் என்னும் புதிய டாங்கிள், குறைந்த ஆற்றல் புளூடூத்தின் உயர்ந்த பாதுகாப்பு நிலையில் இயங்குகிறது. யூனிஃபையிங் பலகை போல்ட் டாங்கிளோடு இணையாது. வாங்கும்போது டாங்கிளின் மேல் உள்ள சின்னத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் புளூடூத் மட்டும் போதுமா என்றால், அதுவும் பெட்டியின் வயதைப் பொறுத்தது. 2023 டிசம்பரில் அதே மார்க் நியூலின் வெளியிட்ட குறைபாடு, பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-45866 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. போலி விசைப்பலகை ஒன்று, பயனரிடம் எதையும் கேட்காமலேயே ஆண்ட்ராய்டு கருவியோடு இணைந்து விசைகளைத் தட்ட முடியும் என்பதே அது. புளூடூத் இயங்கிக்கொண்டிருந்தால் போதும். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரையிலான பதிப்புகளுக்கு அந்த மாதப் புதுப்பிப்பில் திருத்தம் வந்தது. 10-உம் அதற்கு முந்தைய பதிப்புகளும் திருத்தம் பெறாமலேயே நின்றுவிட்டன. கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் பழைய பெட்டிகளில் எத்தனையோ இந்தப் பழைய பதிப்புகளில்தான் ஓடுகின்றன. விசைப்பலகை எவ்வளவு புதியதானாலும், அதை நம்புகிற பெட்டி பழையதானால் பயன் குறைவு. இதில் வாங்கியவரின் தவறு ஏதுமில்லை; விற்ற சில ஆண்டுகளிலேயே புதுப்பிப்பை நிறுத்திவிடும் வழக்கம்தான் குற்றத்துக்குரியது.

தாக்குபவர் நம் வீட்டுக்கு 100 மீட்டருக்குள் கருவியோடு வந்து நிற்க வேண்டும் என்பது உண்மைதான். தனி வீட்டில் வாழ்கிறவருக்கு இந்த ஆபத்து சிறியது. ஒரே சுவரைப் பகிரும் அடுக்குமாடிக் குடியிருப்பு, விடுதி, கூட்ட அரங்கு, மருத்துவமனை வரவேற்பறை ஆகியவற்றில் அது சிறியதல்ல. கடைசி இரண்டிலும் நான் கம்பியுள்ள விசைப்பலகையையே பரிந்துரைப்பேன். வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. மறையாக்கம் பற்றி ஒரு சொல்லும் எழுதாத, பெயர் தெரியாத பலகையை விலைக்காக வாங்காதீர்கள். வாங்கிய அன்றே டாங்கிளைக் கணினியில் செருகி, தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாக ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு தொலைக்காட்சிக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சியிலிருந்து அதைச் செய்ய வழியிருக்காது. அவசியமில்லாமல் மீண்டும் இணைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் இந்தப் பலகையில் தட்டுவதையே தவிர்க்கலாம். பெரும்பாலான செயலிகள் திரையில் ஒரு கியூஆர் குறியீட்டையோ சிறு எண்ணையோ காட்டி, கைப்பேசியில் உள்நுழையும் வழியைத் தருகின்றன. சற்றுத் தாமதமானாலும் அதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

செல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கெடுவது கருவி மட்டுமல்ல. பழைய செல்லோடு புதிய செல்லைக் கலந்து போட்டால், வலுவிழந்த செல் அளவுக்கு மீறி வடிந்து கசியத் தொடங்கும். ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை அணிந்து, பஞ்சில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தொடுமுனைகளைத் துடைத்து, நன்கு உலர்த்திய பிறகே புதுச் செல்லைப் போட வேண்டும். ரீசார்ஜ் செய்யும் செல் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், அது நிறைந்திருக்கும்போதும் சில பலகைகள் செல் தீர்ந்ததாக எச்சரிக்கலாம். உள்ளேயே லித்தியம் மின்கலம் பொருத்திய சிறு பலகைகளில், முதுகுப்பக்கம் உப்பியிருப்பது தெரிந்தால் சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்திவிட வேண்டும். சில குட்டிப் பலகைகளிலும் ரிமோட்டுகளிலும் நாணயம்போன்ற தட்டைச் செல் இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்படாத பலகை, தவழும் குழந்தை உள்ள வீட்டுக்குள் வரவே கூடாது. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அழுகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பலகையை யாருக்காவது கொடுக்கும்போதும் விற்கும்போதும் டாங்கிளையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்று இங்கும் மற்றொன்று அங்குமாகப் பிரிந்தால், நம் பெட்டியில் செருகப்பட்டிருக்கும் டாங்கிள், கைமாறிப் போன பலகையை இன்னும் நம் பலகையாகவே ஏற்றுக்கொள்ளும். புளூடூத் பலகையானால், அது இணைந்திருந்த ஒவ்வொரு கருவியின் பட்டியலிலிருந்தும் அதன் பெயரை நீக்கிவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும்.